கழுத்துக்கு வெட்டிய துண்டு

டி-ஷர்ட்டில் தலை நுழைய ஓர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இருக்கும் இடத்திலும் முதலில் துணிதான் இருந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் நீண்ட மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே வெட்டுக்கோடுகள் வரைந்த மார்க்கர் தாளைப் போட்டு, கட்டிங் மாஸ்டர் கத்தி மெஷினைக் கழுத்து வளைவில் ஓட்டித் திருப்பும்போது அது பிறை வடிவில் கழன்று வருகிறது. நூறு அடுக்கு விரித்திருந்தால் நூறு பிறைகள். உடல், கை, பட்டி எல்லாம் எண் போட்டுக் கட்டாகக் கட்டித் தையலுக்குப் போகும். பிறைகளை உதவிக்கு நிற்பவர் புறங்கையால் தள்ளிவிடுவார். மேசைக்கடியில் வாய் திறந்து கிடக்கும் சாக்கில் அவை விழும்.

விழுவது கழுத்துப் பிறை மட்டுமல்ல. அக்குள் வளைவில் ஒன்று, கைக்கும் கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கோணல் துண்டு, விரிப்பின் இரு முனைகளிலும் மிஞ்சும் பிட்டு, ஓரத்தில் நீளமாக ஓடும் நாடா என்று பலவும் விழும். நூறு கிலோ துணி மேசையில் ஏறினால், மாடலையும் மார்க்கர் போட்டவரின் திறமையையும் பொறுத்து, பத்து முதல் இருபது கிலோ வரை ஆடையாகாமல் கீழே இறங்கிவிடும். ஒரு நல்ல மாஸ்டர் துண்டுகளை நெருக்கி அடுக்கி இதைக் குறைப்பார். ஆனால் மனித உடம்பு வளைவுகளால் ஆனது, துணியோ நேராக வருகிறது. எவ்வளவு நெருக்கினாலும் இடுக்குகள் இருந்தே தீரும்.

அந்தப் பிறைக்கும் அதைப் பிரிந்து போன டி-ஷர்ட்டுக்கும் பிறப்பில் எந்த வேறுபாடும் இல்லை. இரண்டும் ஒரே வயலின் பஞ்சு. குஜராத்திலோ மகாராஷ்டிரத்திலோ தெலங்கானாவிலோ விளைந்து, தமிழ்நாட்டு மில்லில் நூலாகி, திருப்பூரின் வட்ட நிட்டிங் மெஷினில் குழாய்போல் நீண்ட துணியாகி வந்தது. ஒரு கிலோ பருத்தித் துணிக்குப் பின்னால், வயலில் தொடங்கிக் கணக்கிட்டால், உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் சாக்கில் விழுந்த பதினைந்து கிலோ துண்டுகளில் ஒன்றரை லட்சம் லிட்டர் தண்ணீர் அடங்கியிருக்கிறது. ஒருவர் உடம்பிலும் ஏறாத, ஒரு நாளும் உழைக்காத புதுத்துணி அது.

நிட்டிங்கிலிருந்து இறங்கும் துணியை வீட்டில் துடைக்க எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. மழையில் நனைந்தால் பஞ்சுக்காய் அழுகிவிடக் கூடாது என்று செடி தனக்குச் செய்துகொண்ட ஏற்பாடு என்றுகூடச் சொல்லலாம். அந்த மெழுகு இருக்கும்வரை தண்ணீர்த் துளி துணிமேல் முத்தாக நிற்கும், உள்ளே இறங்காது. சாயப்பட்டறையில் காரமும் சோப்பும் போட்டுக் கொதிக்க வைத்து மெழுகை நீக்கி, பிளீச் செய்த பிறகுதான் துணி தண்ணீரைக் குடிக்கத் தொடங்குகிறது. நம் வீட்டு மேடையில் சிந்திய காபியை அந்தத் துண்டு ஒரே இழுப்பில் உறிஞ்சுகிறதென்றால், அந்த ஆற்றலை அது சாயப்பட்டறையில்தான் பெற்றது.

அதற்கு ஊர் கொடுத்த விலையையும் சொல்லாமல் போக முடியாது. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தினால்தான் இயங்கலாம் என்ற நிலை வந்த பிறகே அவை படிப்படியாகத் திறந்தன. இன்று அந்தப் பிறையில் ஏறியிருக்கும் நீலமோ சிவப்போ, அவ்வளவு செலவும் வழக்கும் கண்ணீரும் கடந்து வந்த நிறம். அதை எரித்துவிடலாம், குப்பைமேட்டில் கொட்டிவிடலாம் என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

சாக்கு நிறைந்ததும் வேஸ்ட் வியாபாரி வருவார். பல கம்பெனிகளில் மாதக் கணக்குக்கோ ஆண்டுக் கணக்குக்கோ ஒருவரிடம் விலை பேசிவிடுவார்கள். அவர் எடைபோட்டு எடுத்துப் போவார். வெள்ளைக்கு ஒரு விலை, வெளிர் நிறத்துக்கு ஒரு விலை, அடர்நிறத்துக்கு அதைவிடக் குறைவு, எல்லாம் கலந்து கிடந்தால் இன்னும் குறைவு. இந்த விலை ஏணியைக் கவனித்தால் பிறையின் எதிர்காலம் முழுவதும் அதிலேயே தெரிந்துவிடும். வெள்ளை எங்கும் போகலாம். கலப்புக்குப் போக்கிடம் குறைவு.

வேஸ்ட் குடோன் என்பது துணி மலைகளின் ஊர். தகரக் கூரைக்குக் கீழே பெண்கள் காலை நீட்டியும் மடித்தும் உட்கார்ந்து ரகம் பிரிப்பார்கள். கை போகிற வேகத்தில் கண் போகாது. துணியைத் தொட்ட மாத்திரத்தில் காட்டனா, பாலியஸ்டர் கலந்ததா, இழுத்தால் நீள்கிற லைக்ராவா என்று விரல் சொல்லிவிடும். சிங்கிள் ஜெர்சி ஒரு பக்கம், ரிப் ஒரு பக்கம், உள்ளே பஞ்சு உரசிவிட்ட பிளீஸ் ஒரு பக்கம். அதற்குள் நிறம். நிறத்துக்குள் அளவு. சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுவார்கள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் உதிரும். பாலியஸ்டரானால் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும். ஜவுளி ஆய்வகத்தில் நுண்ணோக்கியும் ரசாயனமும் வைத்துப் பார்ப்பதை இவர்கள் தினமும் ஆயிரக்கணக்கான முறை விரல் நுனியால் செய்கிறார்கள். இந்தப் பயணத்தில் மிக அதிகத் திறமை தேவைப்படும் இடமும் மிகக் குறைவாகப் பேசப்படும் இடமும் இதுதான். பருத்தித் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும் என்பது பஞ்சாலைத் தொழிலாளர்களிடம் எப்போதோ நிரூபணமான விஷயம். குடோன்களில் தூசி இழுக்கும் விசிறியும் நல்ல முகக்கவசமும் சலுகையாக இல்லாமல் கட்டாயமாக இருக்க வேண்டும்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த வேலை இவ்வளவு கடினமாக இல்லை. திருப்பூர் நீண்ட காலம் வெள்ளைப் பனியனும் ஜட்டியும் செய்த ஊர். மேசைக்கடியில் விழுந்ததெல்லாம் வெள்ளை, எல்லாம் பருத்தி. எண்பதுகளில் ஏற்றுமதி பெருகியபோது நிறங்கள் வந்தன. பிறகு கலப்பு நூல் வந்தது. லெக்கிங்ஸ் வந்தபோது 95 பங்கு பருத்தியில் 5 பங்கு லைக்ரா சேர்ந்தது. உடுத்துகிறவருக்கு வசதி கூடியது, அதன் வெட்டுத் துண்டுக்கு வழி அடைந்தது. இது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குடோனிலிருந்து பாதைகள் பிரிகின்றன. உள்ளங்கையைவிட நன்றாகப் பெரிய பிட்டுகளைச் சிறு பவர் டேபிள் தையல்காரர்கள் வாங்கிக் குழந்தை ஜட்டி, தொப்பி, கையுறை என்று தைத்துவிடுவார்கள். அவை மறுபடி ஆடைக் குலத்தில் சேர்ந்துகொள்ளும். நடுத்தர அளவுத் துண்டுகள் பேல் கட்டி, துடைக்கும் துணியாகத் தமிழ்நாடு முழுக்கப் போகும். ஹார்டுவேர் கடையிலும் ஆயில் கடையிலும் 'பனியன் வேஸ்ட்' என்று கேட்டால் எடைபோட்டுத் தருவது இதைத்தான். சிவகாசி அச்சகத்தில் ஆப்செட் உருளையில் ஒட்டிய மையைத் துடைப்பது இது. நாமக்கல்லில் லாரிக்கு அடியில் படுத்திருப்பவர் கையில் கிரீஸோடு இருப்பது இது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுக்கப் போகும்போது கருவிப் பெட்டியில் கூடவே போவதும் இது.

மெக்கானிக்குகள் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. தறியில் நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். வெட்டினால் ஓரத்து நூல் ஒவ்வொன்றாகக் கழன்று, துடைக்கும் பொருளில் சிக்கும். பனியன் துணி கண்ணிகளால் பின்னப்பட்டது. வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளுமே தவிர நூல் நூலாக உதிராது. கண்ணிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிகள் எண்ணெயையும் அழுக்கையும் பிடித்து வைக்கும். துணி எல்லாப் பக்கமும் இழுபடுவதால் விரலோடு சேர்ந்து போல்ட் மறையின் இடுக்குக்குள்ளும் போகும்.

ஆனால் இந்தப் பாதையில் போன துண்டுக்குத் திரும்பி வர வழி இல்லை. எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணி இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது. தொழிற்சாலை அதைத் தனியே சேர்த்து உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். மர வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த பாலிஷைத் துடைத்த துணியைக் கசக்கிக் குவியலாகப் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து வெப்பம் உள்ளேயே தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அந்தத் துணியை வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி மூடிய தகர டப்பாவில் வைக்க வேண்டும்.

சின்னஞ்சிறு துண்டுகளுக்கு வேறு பாதை. கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்கள் அவற்றை வாங்குகின்றன. முதலில் துண்டை இன்னும் பொடியாக நறுக்குவார்கள். பிறகு ஊசிப் பற்கள் பதித்த உருளைகள் வரிசையாகச் சுழலும் இயந்திரத்தில் விடுவார்கள். ஒவ்வோர் உருளையும் கொஞ்சம் கிழிக்க, கடைசியில் துணி மறுபடி பஞ்சாகி வெளியே வரும். இந்தக் கிழிப்பில் இழை குட்டையாகிவிடுவதால் மெல்லிய நூலாக நூற்க முடியாது. புதுப் பருத்தியோ பாலியஸ்டரோ சேர்த்து, ரோட்டார் சுழற்சியில் பருமனான நூலாக்குவார்கள். நிறவாரியாகப் பிரித்துப் போட்டால் அந்த நூல் நிறத்தோடேயே வரும். நீலத் துண்டிலிருந்து நீல நூல். மறுபடி சாயம் வேண்டாம், சாயத் தண்ணீர் வேண்டாம். குடோன் பெண்கள் நிறம் பிரித்ததன் முழு மதிப்பும் இங்கேதான் தெரிகிறது.

லைக்ரா அடைத்த வழி என்று சொன்னதும் இங்கேதான். ஊசிப் பற்கள் இழுக்கும்போது பருத்தி அறுபடும், லைக்ரா நீளும். நீண்டு உருளையில் சுற்றிக்கொள்ளும். நூற்றில் ஐந்து பங்குக்காக மற்ற 95 பங்கு நல்ல பருத்தியும் மில்லுக்கு ஆகாமல் போய்விடுகிறது. அப்படிப் போக்கிடம் இல்லாத துணிதான் கொதிகலனில் எரிபொருளாகவும் ஊருக்கு வெளியே பள்ளங்களில் குப்பையாகவும் முடிகிறது. செயற்கை இழை எரியும் புகையை ஊர் சுவாசிக்கிறது.

ஓ.இ. நூல் போர்வையாகிறது, கால்மிதியாகிறது, வேலைக்காரர்கள் மாட்டும் கையுறையாகிறது. தரை துடைக்கும் மாப்பின் தலையில் தொங்கும் தடித்த நூலும் பெரும்பாலும் இந்த இனம்தான். மேசையில் கழுத்துக்காக வெட்டுப்பட்ட பிறை, பஞ்சாகி நூலாகி, யாரோ ஒருவர் வீட்டுத் தரையைத் துடைக்க வருகிறது. சில துண்டுகள் காகிதமாகவும் மாறும். கைமுறைக் காகிதத்துக்கு இந்தியாவில் முக்கியமான மூலப்பொருளே பனியன் வெட்டுத் துண்டுதான். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைமுறைக் காகிதப் பட்டறையில் துணியை ஊறவைத்து அரைத்துக் கூழாக்கிச் சட்டத்தில் ஏந்தித் தாளாக்குகிறார்கள். ராஜஸ்தானின் சாங்கானேரில் இத்தொழிலுக்கென இருக்கும் தேசிய நிறுவனத்துக்கு, 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்த ஜே.சி. குமரப்பாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். மரத்தை வெட்டாமல் காகிதம் செய்ய முடியும் என்பதில் அவர் காட்டிய அக்கறைக்கு அது பொருத்தமான மரியாதை.

இனி வீட்டுக்கு வருவோம். மற்ற எல்லாப் பாதைகளிலும் துண்டுக்கு ஒரே வேலைதான், அதோடு கதை முடிந்தது. வீட்டுக்குள் வந்தால் அது பல வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும், ஆண்டுக்கணக்கில் இருக்கும். கடையில் ஒரு கிலோ வாங்கினால் சிறு குடும்பத்துக்கு அவ்வளவு சீக்கிரம் தீராது. வாங்கும்போது வெள்ளையாக, காட்டனாக, கைக்குட்டை அளவுக்குக் குறையாத துண்டாகக் கேளுங்கள். சற்று விலை கூடும், அந்தக் கூடுதல் நியாயமானது.

கொண்டுவந்ததும் நேரே மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள். ஆடைத் துணிக்குத் தொட்டால் மென்மையாக இருக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு மென்பூச்சு கொடுத்திருப்பார்கள். பல சமயம் அது சிலிக்கோன். அது இருக்கும்வரை துணி தண்ணீரை முழு மனதோடு எடுக்காது. வெட்டின தூசியும் ஒட்டியிருக்கும். சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து ஒருமுறை துவைத்து வெயிலில் காயவிட்டால் இரண்டும் குறையும். பிறகு ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். விட்ட உடனே பரவி மறைந்தால் துண்டு வேலைக்குத் தயார். துளி உருண்டு நின்றால் இன்னொருமுறை துவைக்க வேண்டும், அல்லது அது பாலியஸ்டர். துணியை மென்மையாக்க விற்கும் திரவங்களை இவற்றுக்கு ஒருபோதும் போடாதீர்கள். போன பூச்சை மறுபடி ஏற்றுவதாகிவிடும்.

பாலியஸ்டர் துண்டு வந்துவிட்டாலும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது தண்ணீரை வெறுக்கும், எண்ணெயை விரும்பும். சமையலறை மின்விசிறி இறக்கையில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும் எண்ணெய்த் தூசிக்கும், சிம்னி வடிகட்டியின் வெளிப்புறத்துக்கும், சைக்கிள் செயினுக்கும் அது சரியான ஆள். ஒருமுறை துடைத்துப் போட்டுவிட வேண்டிய வேலைகளுக்கு அதை ஒதுக்குங்கள். திரும்பத் திரும்பத் துவைத்தால் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் சாக்கடைக்குப் போகும்.

அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணிக்கு மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. தூய பருத்தியாக இருக்க வேண்டும், நான்கு மடிப்பாவது இருக்க வேண்டும், காய்ந்திருக்க வேண்டும். செயற்கை இழை சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். ஈரத் துணி பாத்திரத்தின் சூட்டை நொடியில் கைக்குக் கடத்திவிடும். மேடை துடைத்த அதே ஈரத்துணியால் குக்கரைத் தூக்குவது நம் வீடுகளில் தினமும் நடக்கிறது. இரண்டு பனியன் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் பழைய துவாலைத் துண்டு கொடுத்து, குறுக்கும் நெடுக்குமாக நான்கு தையல் ஓட்டினால் நல்ல கரித்துணி ஆயிற்று. தையலுக்கும் பருத்தி நூலையே போடுங்கள்.

வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு, அது எப்போதும் மேலிருந்து கீழே இறங்கும். துவைத்துப் பழகிய வெள்ளைத் துண்டு முதலில் கண்ணாடிக்கும் பூஜை விளக்குக்கும். விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு ஈரம் நிற்காமல் துடைத்து, காய்ந்த பனியன் துண்டால் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் வரும் பளபளப்பை எந்த விலை உயர்ந்த துணியும் தந்துவிடாது. பழகப் பழக இந்தத் துண்டு பஞ்சு உதிர்ப்பதை நிறுத்திவிடும் என்பதால் கண்ணாடிக்குப் புதியதைவிடப் பழையதே நல்லது. அங்கே கறை பட்டதும் மேடைக்கு இறங்கும். மேடையில் மஞ்சள் ஏறி வெளுக்காமல் போனதும் ஜன்னல் கம்பிக்கும் பால்கனிக் கைப்பிடிக்கும். பிறகு தரை, பிறகு வாசற்படி, கடைசியில் வண்டி. இறங்கிய துண்டு மறுபடி ஏறக் கூடாது. கழிவறைக்குப் போன துணி எத்தனை முறை துவைத்த பிறகும் அடுப்பங்கரைக்கு வரக் கூடாது. நிறத்தால் பிரித்துக்கொண்டால் வீட்டில் யாருக்கும் குழப்பம் வராது: வெள்ளை அடுப்பங்கரைக்கு, நீலம் கூடத்துக்கு, கறுப்பு கழிவறைக்கு. வேஸ்ட் கடைக்காரர் நிறம் பிரித்தே தருவதால் இது எளிது.

அடுப்பங்கரைத் துணியால் ஆபத்தும் உண்டு. எச்சில் கறையும் ஈரமும் சேர்ந்த துணி சுருட்டிக் கிடந்தால் ஓர் இரவில் கிருமிகள் பெருகிவிடும். அந்த நாற்றமே அதற்குச் சாட்சி. கடையில் விற்கும் ஸ்பாஞ்சின் உள்ளே ஈரம் எளிதில் காய்வதில்லை. பனியன் துண்டு மெல்லியது, பிழிந்து விரித்துப் போட்டால் நம் வெயிலில் விரைவாகக் காய்ந்துவிடும். வெள்ளையாக இருந்தால் வாரம் ஒருமுறை பழைய பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைக்கலாம். பச்சை இறைச்சியோ மீனோ நறுக்கிய இடத்தைத் துடைக்க ஒரு தனித் துண்டு வைத்துக்கொண்டு, அதை அன்றைக்கே கொதிக்க வைப்பதோ எறிவதோ நல்லது. எறிவதற்கு மனம் தயங்காத அளவுக்கு இது மலிவு. அதனால்தான் ஒரே துணியை எல்லாவற்றுக்கும் இழுத்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை விட முடிகிறது.

தையல் மெஷின் இருக்கும் வீட்டில் கடைக்குக்கூடப் போக வேண்டாம். ரவிக்கை தைத்து மிஞ்சும் லைனிங் துணி மெல்லிய பருத்தியானால் கண்ணாடி துடைக்க நன்றாகவே உதவும். ஓரம் பிசிறு விடும், சுற்றிலும் ஒரு ஓவர்லாக்கோ ஜிக்ஜாக் கத்தரி வெட்டோ கொடுத்தால் நிற்கும். பட்டு, சாட்டின், ஜரிகை ஒட்டிய பிட்டுகள் துடைக்க ஆகாது. செயற்கை இழைச் சாட்டின் தண்ணீரை எடுக்காது, ஜரிகை கீறல் போடும். அவை பொம்மைக்குள் திணிக்கவோ பிள்ளைகளின் கைவேலைக்கோ போகட்டும். நீளமான பனியன் நாடாக்கள் கிடைத்தால் இரு முனையையும் பிடித்து ஒரு இழு இழுங்கள். ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டு மெத்தென்ற கயிறாகிவிடும். மூன்றைச் சேர்த்துப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி. தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்டவும் இதைவிட நல்ல கயிறு கிடையாது. தண்டு பருக்கும்போது தானும் இளகிக் கொடுக்கும், அறுக்காது. மாடியில் கொடி வளர்ப்பவர்கள் ஒருமுறை கட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் கயிற்றுக்குத் திரும்ப மாட்டார்கள்.

தேய்ந்து வலையாகிப்போன தூய பருத்தித் துண்டு, எண்ணெயும் ரசாயனமும் படாததாக இருந்தால், பொடியாக வெட்டி மண்ணுக்குள் போடலாம். ஈரமும் நுண்ணுயிரும் இருக்கும் உரக்குழியில் சில மாதங்களில் அது மண்ணோடு மண்ணாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் பருத்தி மட்டும் மறைந்து, செயற்கை இழைகள் சிக்கலாக அங்கேயே கிடக்கும். எந்தத் துண்டு எப்படி முடியும் என்பது அது தொடங்கிய மேசையிலேயே முடிவாகிவிட்டது என்பதை உரக்குழியைக் கிளறினால் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆகவே கம்பெனி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜனவரி முதல் பழந்துணியை மற்றக் குப்பையிலிருந்து தனியே சேகரிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பையர்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள், மறுசுழற்சி நூலை அவர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மேசைக்கடியில் ஒரு சாக்குக்குப் பதில் மூன்று கட்டுங்கள்: தூய பருத்திக்கு ஒன்று, பாலியஸ்டர் கலப்புக்கு ஒன்று, லைக்ராவுக்கு ஒன்று. எந்தத் துணியை விரிக்கிறோம் என்பது மாஸ்டருக்கு முன்பே தெரியும், ஆகவே இதற்குக் கூடுதல் ஆள் வேண்டாம். குடோனில் தூசிக்குள் உட்கார்ந்து பல மணி நேரம் பிரிப்பதை மேசையிலேயே பிரிக்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பிரித்த துணிக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலையும் உங்களுக்குத்தான் வரும்.

வீட்டில் இருப்பவர்கள் அடுத்தமுறை டிஷ்யூ ரோலும் ஸ்பாஞ்சும் வாங்கப் போகும்போது ஹார்டுவேர் கடையில் நின்று ஒரு கிலோ பனியன் வேஸ்ட் கேளுங்கள். வெள்ளை, காட்டன் மட்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். வாங்குகிறவர் கேட்டால்தான் கடைக்காரர் குடோனில் கேட்பார், குடோன்காரர் கம்பெனியில் கேட்பார்.